தடுக்கப்படாத புத்தகம்

அத்தியாயம் பதினான்கு

இதனால் சகல தமிழ்ப் பெருமக்களுக்கும் அறியத் தருவது யாதெனில், பிரெஞ்சு தேசத்தின் உயர்கல்வி வரலாற்றிலே முதல் தடவையாக, எமது இனத்தின் ஒளிவிளக்கு அமரர் அரியநாயகம் பிரதீஸ் அவர்கள் யாத்த நூலானது, பல்கலைக்கழகப் பேராசிரியப் பெருந்தகைகளால் எவ்விதத்திலும் தடுத்து நிறுத்தப்படாமல், முதலாமாண்டு மாணவர் அனைவருக்குமான பொது வாசிப்பு நூலாக விடுவிக்கப்பட்டுள்ளது. இம்மாபெரும் வெற்றியைக் கொண்டாடும் முகமாக ஞாயிறு பிற்பகல் லாச்சப்பலில் பாராட்டு விழா. சிற்றுண்டி உண்டு. இங்ஙனம், தலைவர், தமிழர் அறிவொளிப் பேரவை, பிரான்ஸ்.

மீன்கடையின் கண்ணாடிக் கதவில், 'அறை வாடகைக்கு, தனி ஆண்கள் மட்டும்' என்ற துண்டுக்கும் 'வீடு மாற வாகனம் உண்டு' என்ற துண்டுக்கும் நடுவே இந்த அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. 'நூல்' என்ற சொல்லைவிட 'சிற்றுண்டி' என்ற சொல் பெரிய எழுத்தில் இருந்தது. அச்சகக்காரருக்குத் தொழில் தெரியும்.

ஒரு புத்தகம் தெரிவாகலாம், பரிசு வாங்கலாம், பழைய கடதாசி விலைக்குப் போகலாம். 'விடுவிக்கப்படுவது' எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு வந்து சேர்ந்த எல்லாரும் எங்கோ ஓரிடத்தில் தடுக்கப்பட்டுப் பின்னர் விடப்பட்டவர்கள். புத்தகத்துக்கும் அப்படித்தான் நடக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டு மீன் வாங்கினார்கள்.

தொடர்ந்து வருபவர்களுக்குக் கதை தெரியும். இந்த வாரம் புதிதாக ஏறுபவர்களுக்காகச் சுருக்கமாக.

பாரிஸ் புறநகரான சார்செலில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் தட்டில் அரியநாயகமும் மனைவி திலகமும் இருக்கிறார்கள். அவர் உணவகக் குசினியில் முப்பது வருடம் நின்றவர். இப்போது முழங்கால் விட்டுவிட்டதால் பேரவைத் தலைவராக இருக்கிறார். அதற்கு முழங்கால் தேவையில்லை. திலகம் பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை. மூத்தவள் சுஜானி பாரிஸின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பிக்கிறாள். கலியாணமாகிக் கணவன் பெயரைப் போட்டுக்கொண்டவள்.

இளையவன் பிரதீஸ் சப்பாத்துக் கடையில் விற்பனையாளன். ஆட்கள் வராத நேரங்களில் கைபேசியில் தட்டித் தட்டி, பிரெஞ்சில், ஒரு புத்தகம் எழுதினான். 'நாற்பத்திரண்டரை' என்று பெயர். நாற்பத்திரண்டு கடிக்கும், நாற்பத்து மூன்று கழலும் கால்களைப் பற்றியது. பொண்டியில் ஒரு சின்னப் பதிப்பகம் அதை வெளியிட்டது. வெளியாகி ஆறு கிழமையில், ஸ்தேன் மைதானத்தில் பந்தடித்துக்கொண்டிருந்தவன், 'கொஞ்சம் நில்லுங்கோடா' என்று சொல்லிவிட்டுப் புல்லில் இருந்தான். பிறகு எழும்பவில்லை. இருபத்தேழு வயது.

சுஜானியின் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருடா வருடம் ஒரே ஒரு புத்தகத்தைத் தெரிந்தெடுத்து, புதிதாகச் சேரும் அத்தனை மாணவர்களுக்கும் கோடை விடுமுறையில் அனுப்பிவைப்பார்கள். செப்டெம்பரில் எல்லாரும் வட்டமாக இருந்து அதைப் பற்றிக் கதைத்து ஒரு குடும்பம்போல ஆகிவிட வேண்டும். குடும்பங்கள் எப்படிக் கதைத்துக்கொள்ளும் என்பதை அறியாத பேராசிரியர்கள் கண்டுபிடித்த திட்டம்.

இந்த வருடம் கடைசிச் சுற்றில் இரண்டு புத்தகங்கள் மிஞ்சின. ஒன்றின் அட்டையில் படகு. மற்றது பிரதீஸின் புத்தகம். அட்டையில் ஒற்றைச் சப்பாத்து.

தெரிவுக்குழுவில் சுஜானியும் இருந்தாள். செத்துப்போன எழுத்தாளன் அவளுடைய தம்பி என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. அவள் சொல்லவில்லை.

"இதில் காயம் எங்கே?" என்று கேட்டார் குழுத் தலைவர். ஜூன் மாதத்திலும் கழுத்தில் சால்வை சுற்றியிருப்பவர். "யுத்தம் ஒரு பக்கத்தில்கூட இல்லையே. பையன் சப்பாத்து விற்கிறான். சிரிக்கிறான். அகதியின் மகன் என்கிறார்கள், ஆனால் வலிக்கவே இல்லையே!"

பிரதீஸ் சார்செல் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். அவன் சந்தித்த ஒரே கடல், பள்ளிக்கூடச் சுற்றுலாவில்.

ஆனால் புத்தகத்துக்கு ஆதரவாளர்களும் இருந்தார்கள். இலக்கியம் கற்பிக்கும் ஓர் அம்மையார் மேசையில் தட்டிச் சொன்னார்: "அந்த அக்காள்! பதினோராம் அத்தியாயத்தில் வருகிற அந்த அக்காள்! எவ்வளவு அருவருப்பான பிறவி, எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறான்! மாணவர்கள் மறக்கவே மாட்டார்கள்." மேசையைச் சுற்றிச் சிரித்தார்கள். சுஜானியும் சிரித்தாள்.

அதன்பின் பிரதீஸின் புத்தகத்துக்கு வாக்கெடுப்பு. சுஜானி கை தூக்கினாள் என்பதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். எதற்குத் தூக்கினாள் என்று சொல்லவில்லை.

எதிராக.

*

ஞாயிறு காலை சுஜானி சார்செலுக்கு வந்தபோது அரியநாயகம் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நடைக்கண்ணாடியின் முன் நின்று தனக்குத்தானே தலைமையுரை ஆற்றிக்கொண்டிருந்தார். அறிவித்தலின் படத்தை அவளுக்கு ஏழெட்டுப் பேர் அனுப்பியிருந்தார்கள். ஒருவர் பூங்கொத்துப் படமும் சேர்த்து.

"அப்பா."

"கதைக்காதை!" கையை உயர்த்தினார். "உனக்கு ஒண்டும் கதைக்க ஏலாதெண்டு எனக்குத் தெரியும். கொமிசியோன் ரகசியம், தெரிவுக்குழு எண்டால் அப்பிடித்தான். அதுதானே வெள்ளிக்கிழமையிலயிருந்து போன் எடுக்கேல்லை? நான் அம்மாவுக்குச் சொன்னனான், பார் என்ர மகளின்ர நேர்மையை எண்டு."

"அப்பா, உங்களுக்கு ஆர் சொன்னது?"

"பதிப்பகம். மெசாஜ் போட்டவை."

கைபேசியை நீட்டினார். ஒரே வரி. வணக்கம் ஐயா, உங்கள் மகனின் புத்தகம், அதன் பிறகு மூன்று சொற்கள். 'பா எத்தே ரெத்தனு.' தெரிந்தெடுக்கப்படவில்லை.

சுஜானி அதை இரண்டு தடவை வாசித்தாள். அதில் வேறு அர்த்தம் எடுக்க இடமே இல்லை. பிரெஞ்சு மொழி வேறு வழியில் வந்து சேர்ந்தவருக்கு மட்டும் இடம் இருந்தது.

"பார்த்தியோ? பா ரெத்தனு!" அரியநாயகம் விரலால் திரையைத் தட்டினார். "உனக்குத் தெரியாது பிள்ளை. நீ அப்ப பிறக்கேல்லை. என்னைக் கார்து நோர்ட் ஸ்ரேசனில பிடிச்சாங்கள், பேப்பர் இல்லை எண்டு. அஞ்சு நாள் உள்ளுக்கை. பிறகு நீதவானுக்கு முன்னால கொண்டுபோய் விட்டாங்கள். எனக்கு ஒரு மண்ணும் விளங்கேல்லை. வெளியில வந்து நிண்டன். எனக்காக வழக்குப் பேசின அவொக்கா பொம்பிளை கறுப்பு அங்கியோட ஓடி வாறா. 'பா ரெத்தனு! மிசியே, பா ரெத்தனு!' எண்டு கத்துறா. கையில விலங்கு போட்டிருந்தவனே வந்து கழட்டினான். தடுத்து வைக்கேல்லை, போகலாம் எண்டு அர்த்தம். இந்த நாட்டில நான் முதல் முதல் கேட்ட நல்ல சொல் அது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப அவனையும் விட்டிட்டாங்கள்."

சுஜானி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு குசினிக்குள் போனாள். வகுப்பில் மூன்று மணித்தியாலம் குறிப்பில்லாமல் பேசுகிறவள்.

குசினியில் திலகம் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். பேரவை உணவகத்தில் சொல்லியிருந்தது போதாதென்று வீட்டிலிருந்தும் ஒரு சட்டி.

"கதவைச் சாத்து," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "எண்ணெய் மணம் கோட்டில பிடிக்கும்."

சுஜானி சாத்தினாள். "அம்மா, அவர் பிழையா விளங்கிக்கொண்டிட்டார்."

"தெரியும்."

"என்னெண்டு?"

"பதினெட்டு வருஷமா பள்ளிக்கூடத்தில வேலை செய்யிறன். வேலைக்கு மனுப் போட்ட எத்தினை பேருக்கு இந்த வரி வந்தது, எனக்குத் தெரியாதே? எனக்கே மூண்டு தரம் வந்தது." ஒரு ரோல்ஸைப் புரட்டினாள். "வெள்ளிக்கிழமை அவர் இதைக் காட்டினவுடனேயே விளங்கிட்டுது."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"ஏழு மாசமா அந்த மனிசன் இரவில சாப்பிடுறதில்லை. வெள்ளிக்கிழமை ரெண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். நான் எப்பிடிச் சொல்ல?"

எண்ணெய் சீறியது. திலகம் அடுப்பைக் குறைத்தாள்.

"நானும் அந்தப் புத்தகத்தை வாசிச்சு முடிச்சிட்டன், பிள்ளை. பஸ்ஸில போகேக்கை ஒரு பக்கம், வரேக்கை ஒரு பக்கம். விளங்காத சொல்லை கன்ரீன் பிள்ளையளிட்டைக் கேட்டன்."

சுஜானி கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"பதினொண்டும்?"

"பதினொண்டும்."

திலகம் பொரிந்ததைக் கடதாசியில் எடுத்துப் போட்டாள்.

"நீ எதுக்குக் கை தூக்கினனீ?" என்று கேட்டாள் திலகம்.

சுஜானி சிந்திய எண்ணெயைத் துடைத்தாள். திலகம் தலையாட்டினாள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவள் ஆட்டுகிற மாதிரி.

"அவருக்கு நீதான் சொல்லோணும். எனக்கு ஏலாது. கூட்டம் முடிஞ்சபிறகு சொல்லு. இண்டைக்கு ஒரு நாள் இருந்திட்டுப் போகட்டும்."

*

பதினோராம் அத்தியாயத்தில் நடப்பது சின்ன விஷயம். உலகத்தில் ஒருவருக்கும் தேவையில்லாத விஷயம். பன்னிரண்டு வயது அக்காளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அப்பா குசினியிலிருந்து நேரே வந்திருக்கிறார். காற்சட்டையில் மஞ்சள், கையில் வெங்காய மணம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதுத் தம்பி. ஆசிரியை அக்காளிடம், "இவர்தான் உன் அப்பாவா?" என்கிறார். அக்காள், "இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். கூட்டிக்கொண்டு வந்தவர்," என்கிறாள்.

அவ்வளவுதான். ஆனால் பிரதீஸ் அதோடு விடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து புத்தகம் முடியும்வரை அப்பாவுக்கு 'பக்கத்து வீட்டுக்காரர்' என்றுதான் பெயர். பக்கத்து வீட்டுக்காரர் எனக்குச் சைக்கிள் வாங்கித் தந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்பதாம் மாடிக்கு லிஃப்ட் இல்லாத நாளில் என்னை முதுகில் சுமந்தார். வாசிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஏதோவொரு பக்கத்தில் சிரிப்பு நின்றுவிடும். எந்தப் பக்கத்தில் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

அந்தப் புத்தகத்தைத்தான் தன்னுடைய மாணவர்கள் அத்தனை பேரும் கையில் வைத்துக்கொண்டு வட்டமாக இருக்கப்போகிறார்கள் என்று வாக்கெடுப்புக்கு முன் சுஜானி நினைத்துப் பார்த்தாள். பிரதீஸின் அக்காள் யார் என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள். பத்திரிகையில் வரும். யாராவது ஒரு கெட்டிக்காரர் தமிழில் மொழிபெயர்ப்பார். பேரவை வெளியீட்டு விழா எடுக்கும். அப்பா முன்வரிசையில் இருந்து பதினோராம் அத்தியாயத்தைக் கேட்பார்.

அவருக்காகத்தான் கை தூக்கினேன் என்று வியாழக்கிழமையிலிருந்து தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். சமூகவியல் படித்தவளாகையால் அவளாலேயே அதை முழுவதும் நம்ப முடியவில்லை.

*

கடுகதி ரயிலில் அரியநாயகம் ஆசனத்தில் இருக்கவில்லை. கோட்டு கசங்கும் என்று நின்றார். கையில் புத்தகம், ஒற்றைச் சப்பாத்து வெளியே தெரியும்படி.

"சுஜானி, எத்தினை பிள்ளையள் வாசிப்பினம்?"

"அப்பா…"

"சரி, சரி, ரகசியம். தோராயமாச் சொல்லு. ஆயிரம்?"

"முதலாம் வருஷத்தில ரெண்டாயிரம் பேர் வருவினம்," என்றாள். அது பொய்யில்லை.

"ரெண்டாயிரம்!" எதிரே இருந்த முன்பின் தெரியாத ஆபிரிக்கப் பெண்மணியிடம் புத்தகத்தைக் காட்டி, தன் பிரெஞ்சில், "மகன்," என்றார். அந்தப் பெண்மணி அட்டையைப் பார்த்து, "வடிவான சப்பாத்து," என்றார். அரியநாயகம் அதைப் பரிசளிப்பைப்போல ஏற்றுக்கொண்டார்.

திலகம் யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

*

விழா மண்டபம் உணவகமொன்றின் பின்பக்கம். தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ போகும்போதெல்லாம் பேச்சாளர் நிறுத்த வேண்டும். லாச்சப்பல் கூட்டங்களில் நல்ல பேச்சுகள் அமைவதற்கு அந்த ரயில் மட்டுமே காரணம்.

மேடையில் பிரதீஸின் படம், மாலையோடு. சிரிக்கிறான். கீழே அறுபது எழுபது கதிரைகள். ஒலிவாங்கியில் வசந்தரூபி, கலியாணம், பூப்புனித நீராட்டு, அஞ்சலி எல்லாவற்றுக்கும் அதே குரல்.

"உங்கள் பலத்த கரகோஷங்களுக்கு மத்தியில், தலைவர் அவர்கள்!"

பேரவையின் செயலாளர் இஞ்ஞாசி வாசலுக்கே ஓடிவந்தார். பாண்டிச்சேரிக்காரர். பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை. தபால் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். பிரெஞ்சு இலக்கணத்தில் யாராவது பிழை விட்டால் தன் தகப்பனை வைததுபோல முகம் சிவப்பவர்.

"வாங்க அரியநாயகம், வாங்க. மதாம், போன்ழூர். அடடே, நம்ம புரொஃபெசர் பொண்ணு! உங்களாலதாம்மா இது நடந்துது."

"இல்லை, அங்கிள்…"

"என்ன இல்ல? அடக்கம்! பாருங்க, அரியநாயகம், நம்ம பிள்ளைங்க எவ்ளோ படிச்சாலும் அடக்கம் போகல. சரி, அந்தப் பதிப்பகத்து மெசாஜ் இருக்கில்ல? அத நான் மேடையில வாசிக்கிறேன். முதல்ல பிரெஞ்சுல, அப்புறம் தமிழ்ல. அப்பத்தான் ஒஃபிசியலா இருக்கும்."

"அதுதான் சரி!" அரியநாயகம் கைபேசியை எடுத்து, கடவுச்சொல்லையும் சொல்லி, அவர் கையில் வைத்தார்.

சுஜானியின் கை தானாக நீண்டது. இஞ்ஞாசி அதைக் கைகுலுக்கலாக எடுத்துக்கொண்டு, குலுக்கிவிட்டு, மேடைக்குப் போனார். கண்ணாடி வீட்டில் இல்லை, சட்டைப் பையில் இருக்கிறது என்று தடவிப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். அவருக்கு முன்னால் இரண்டு பேச்சாளர்கள்.

முதலாமவர் பிரதீஸின் நூல் உலக இலக்கியத்தில் எங்கே நிற்கிறது என்று விளக்கினார். அதைக் காலணிகளின் தத்துவம் என்றார். இடையில் மெத்ரோ போனது. இரண்டாமவர் தமிழனின் வீரம் பற்றிப் பேசத் தொடங்கி, நூலின் பெயரை 'நாற்பத்து நான்கரை' என்றார். கைதட்டினார்கள்.

திலகம் கடைசி வரிசையில் ரோல்ஸ் சட்டியை மடியில் வைத்தபடி மகளைப் பார்த்தாள். கூட்டம் முடிந்தபிறகு என்று காலையில் சொன்னவள், இப்போது நாடியால் பக்கக் கதவைக் காட்டினாள்.

"அப்பா, ஒருக்கா வெளியில வாங்கோ."

"இப்பவோ? அடுத்தது இஞ்ஞாசி."

"அதுதான். வாங்கோ."

பக்கக் கதவுக்கு வெளியே உணவகத்தின் ஒடுங்கிய நடை. ஒரு பக்கம் வெங்காயச் சாக்குகள், மறுபக்கம் அடுக்கிய கதிரைகள். அரியநாயகம் ஒரு சாக்கில் கையை ஊன்றி நின்றார். அந்த இடத்தில் அவர் கோட்டுக்குள் கொஞ்சம் சின்னவராகத் தெரிந்தார்.

"அப்பா. ரெத்தனு எண்டால் பிடிச்சு வைக்கிறது மட்டுமில்லை."

"வேற?"

"தெரிஞ்செடுக்கிறதுக்கும் அதுதான் சொல். வேலைக்கு, போட்டிக்கு. எடுத்து வைச்சுக்கொள்ளுறது."

அரியநாயகம் யோசித்தார். முப்பத்தைந்து வருடமாகப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த நகையைக் கடைக்காரன் உரசிப் பார்க்கும்போது நிற்பவரைப்போல.

"அப்ப பா ரெத்தனு எண்டால்?"

"எடுக்கேல்லை அப்பா."

உள்ளே இரண்டாவது பேச்சாளர் இறுதியாக என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்துகொண்டிருந்தார்.

"சரி," என்றார் அரியநாயகம். "சரி. ரெக்கூர் போடுவம்."

"என்ன?"

"மேல்முறையீடு. முதல் தரம் எல்லாருக்கும் இல்லையெண்டுதான் வரும். எனக்கும் அப்பிடித்தான் வந்தது. ரெண்டாந்தரம்தானே வதிவிடக் கார்து தந்தவங்கள். நல்ல அவொக்கா பிடிச்சால்…"

"இதுக்கு ரெக்கூர் இல்லை அப்பா."

"எல்லாத்துக்கும் இருக்கு. இது பிரான்ஸ்."

"இதுக்கு இல்லை."

அவர் புத்தகத்தைப் புரட்டினார். பிரெஞ்சில் வாசிக்கத் தெரியாதவர்கள் புரட்டுவதுபோல, பின்பக்கத்திலிருந்து. அங்கே மகனின் சின்னப் படம் இருந்தது.

"கூடாத புத்தகமோ, பிள்ளை? எனக்குச் சொல்லு. நான் கோவிக்கமாட்டன். அவன் படிப்பில பெரிய கெட்டிக்காரன் இல்லைத்தானே."

"நல்ல புத்தகம் அப்பா. நான் வாசிச்சதிலயே…" அவர் கையிலிருந்த அட்டையைத் தொட்டாள். "சரியான நல்ல புத்தகம்."

"அப்ப ஆர் வேண்டாமெண்டது?"

"நான்."

அரியநாயகம் காதை அவள் பக்கம் சாய்த்தார்.

"நான் எதிராக் கை தூக்கினனான்."

"நீயோ?"

"ஓம்."

"தம்பியின்ர புத்தகத்துக்கோ?"

"ஓம் அப்பா."

உணவகக் குசினியிலிருந்து ஒருவர் வந்து, "அண்ணை, கொஞ்சம் விலத்துங்கோ," என்று ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு போனார். கை ஊன்ற இடமில்லாமல் அரியநாயகம் சுவரில் சாய்ந்தார். கோட்டின் முதுகில் வெள்ளைச் சுண்ணாம்பு பிடித்தது. அவர் கவனிக்கவில்லை.

"ஏன்?" என்றார்.

அவர் கத்தியிருந்தால் சுஜானிக்கு இலகுவாக இருந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் வழி கேட்பவர்போலக் கேட்டார்.

"அதில என்னைப் பற்றி எழுதியிருக்கிறான். நான் பன்னிரண்டு வயசில செய்தது. அதை நீங்கள் வாசிக்கக் கூடாது, ஆரும் உங்களுக்குச் சொல்லிப்போடக் கூடாது எண்டு…" தமிழில் வரவில்லை, பிரெஞ்சில் தொடங்கி, நிறுத்தி, திரும்பவும் தமிழுக்கு வந்தாள். "பள்ளிக்கூடத்தில பெற்றோர் கூட்டம். நீங்கள் வேலையால வந்தனீங்கள். மடாம் என்னட்டை நீங்கள் ஆர் எண்டு கேட்டவ. நான்…"

"வுவாசேன்," என்றார் அரியநாயகம்.

சுஜானி நிமிர்ந்து பார்த்தாள்.

"வுவாசேன் எண்டு சொன்னனீ. பக்கத்து வீட்டு ஆள்." புத்தகத்தை மூடிக் கோட்டுப் பைக்குள் வைக்கப் பார்த்தார், அது கொள்ளவில்லை. "அந்தச் சொல் எனக்கு இஞ்சை வந்த முதல் மாசமே தெரியும். கறி மணக்குது எண்டு நெடுகவும் வந்து கதவைத் தட்டுவாங்கள், 'நான் வுவாசேன், நான் வுவாசேன்' எண்டு. அது தெரியாமல் இருக்குமோ?"

"உங்களுக்குக் கேட்டதோ?"

"நான் பக்கத்திலதானே நிண்டனான், பிள்ளை. தம்பியின்ர கை என்ர கையுக்கை. அவன் 'அப்பா, அக்கா ஏன் அப்பிடிச் சொன்னவா?' எண்டு கேட்டான். அவா பகிடி விடுறா எண்டு சொன்னன்." கொஞ்சம் நிறுத்தினார். "அவன் நம்பிட்டான் எண்டுதான் நினைச்சன்."

"இருபது வருஷமா நீங்கள் ஒண்டும்…"

"அதில என்ன கதைக்க இருக்கு? பன்னிரண்டு வயசுப் பிள்ளை. எனக்கு வெங்காய மணம்."

பாலத்தில் மெத்ரோ போனது. அடுக்கியிருந்த கதிரைகள் நடுங்கின. அது போய் முடிந்தபோது மண்டபத்துக்குள் வசந்தரூபியின் குரல் உச்சத்தில் இருந்தது: பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வரலாற்றுச் சிறப்புமிக்க செய்தியை, உங்கள் பலத்த கரகோஷங்களுக்கு மத்தியில், செயலாளர் இஞ்ஞாசி அவர்கள்.

கைதட்டல். தொண்டையைச் செருமும் சத்தம்.

"போன்ழூர், மிசியே," என்று இஞ்ஞாசி கணீரென்று தொடங்கினார். "உங்கள் மகனின் புத்தகம்…"

அதோடு அவர் குரல் நின்றது. மண்டபம் காத்திருந்தது. ஒலிவாங்கி மட்டும் இரைந்தது.

சுஜானி கதவைப் பார்த்தாள். அரியநாயகம் பார்க்கவில்லை. கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"எத்தினை பேர் வேண்டாமெண்டவை?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். எதிராக அவளையும் சேர்த்து நான்கு, ஆதரவாக மூன்று.